ரோட்டுக்கு மேலே ஒரு குளம்

தீபாவளிக்குச் சில நாட்கள் இருக்கும்போது என் அண்ணன் ஒரு போத்தல் தண்ணீரோடு வந்து வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் கதவைத் தட்டினார்.

"இந்தா, குடி."

"என்ன இது?"

"ஊற்றுத் தண்ணி. என்ரை காணிக்குக் கீழை புதுசாக் கிளம்பியிருக்கு. குடிச்சுப் பார், சீனி மாதிரி."

போத்தலில் பாதிதான் இருந்தது. மீதி எங்கே? கொழும்புக்குள் நுழைகிற பாலத்தடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். அண்ணனின் பையில் லேபல் இல்லாத போத்தல். ஆமிக்காரன் விடுவானா? என்னவென்று கேட்டிருக்கிறான். இவர் தன்னுடைய உடைந்த சிங்களத்தில் மலையைப் பற்றியும் ஊற்றைப் பற்றியும் ஒரு புராணம் தொடங்கியிருக்கிறார். அவனுக்குப் பொறுமையில்லை. குடித்துக் காட்டு என்றிருக்கிறான். குடித்திருக்கிறார். இன்னும் குடி என்றிருக்கிறான். இன்னும் குடித்திருக்கிறார்.

அதையும் மனிதர் பெருமையாகத்தான் சொன்னார். "கடைசியிலை அவனும் ஒரு மிடறு குடிச்சிட்டு 'ஷோக்' எண்டான்!"

சந்தேகப்பட்டவனே சபாஷ் போட்ட தண்ணீர் அல்லவா… எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு வாய் கிடைத்தது. எனக்கு மண் வாசம் அடித்தது. சொன்னேன்.

"அது மலைத் தண்ணி. உனக்கென்ன தெரியும்?"

எனக்கு ஒன்றும் தெரியாதுதான். அவருக்கும் தெரியாது என்பதுதான் பிரச்சினை.

நான் கோபக்காரி. இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு இது புதிய செய்தியில்லை. ஆனால் என் கோபத்தில் முக்கால்வாசி இந்த ஒரு மனிதருக்கே செலவாகிவிடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. அண்ணன் துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. எங்களுக்கு மேல் மாடியில் ஓர் அறை. ஃபிளாட்டில் யார் குழாயைச் சரியாக மூடாவிட்டாலும் இவர் போய்க் கதவைத் தட்டுவார். அதனால் எத்தனை பேரோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை தெரியுமா?

அவருடைய கந்தோர்க் காலத்தில் கொட்டாஞ்சேனையில் ஒரு சைவக் கடையில் தினமும் தேத்தண்ணி குடிப்பார். அங்கே தேத்தண்ணி ஆற்றுகிறவர் முனியாண்டி. தேயிலைத் தோட்டப் பக்கத்து ஆள். அவருடைய மனைவி லெச்சுமி, நுவரெலியா போகிற பெரிய ரோட்டோரத்தில், ஒரு வளைவில், சின்னத் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறாள். மலையை வெட்டி ரோடு போட்டார்களே, அந்த வெட்டின சுவருக்கு முதுகைக் கொடுத்தபடி கடை. கடைக்குள்ளேயே குடியிருப்பு. அந்தச் சுவருக்கு மேலே ஒரு துண்டு மரக்கறிக் காணி விலைக்கு வருகிறது என்று முனியாண்டி ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அண்ணன் வாங்கிவிட்டார்.

வாங்கினவர் சும்மா இருந்தாரா?

எங்கள் யாழ்ப்பாணத்தில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. கிணறு இருக்கிறது, மழை இருக்கிறது. மழைத் தண்ணீர் ஓடுவதைக் கண்டால் குறுக்கே ஒரு வரம்பு கட்டாமல் எங்கள் ஆட்களுக்குக் கை அடங்காது. தட்டையான நிலத்தில் அது சரி. இந்த மனிதர் மலைக்குப் போனார். சரிவில் தண்ணீர் சலசலவென்று ஓடி வீணாகப் போவதைக் கண்டார். நெஞ்சு வெடித்துவிட்டது. தங்குவதற்குத் தகரத்தில் ஓர் அறை போட்டார், மண்வெட்டி எடுத்தார், வரம்பு கட்டினார், பள்ளம் தோண்டினார். ஒரு மாரிக்குள் பெரிய ரோட்டுக்கு நேர் மேலே ஒரு குளம் உண்டாயிற்று!

இந்த யுத்த காலத்தில் வெள்ளவத்தைத் தமிழன் ஒருவன் பெரிய ரோட்டுக்கு மேலே நின்று கிடங்கு வெட்டினால் என்ன நடக்கும்? பொலிஸ் வந்தது. பங்கர் வெட்டுகிறாயா என்று கேட்டது. தடியால் குளத்தைக் குத்திப் பார்த்தது. தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. அடுத்த முறை வந்தபோது அவர்களுடைய சார்ஜன்ட் ஒரு பையில் மீன் குஞ்சுகள் கொண்டுவந்து குளத்தில் விட்டுவிட்டுப் போனாராம். நல்ல மனுஷன். ஆபத்தில்லை என்று அரசாங்கமே முடிவு செய்துவிட்டது. பிறகென்ன?

அண்ணன் போத்தலோடு வந்த அன்று என்னையும் வரச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றார். ஊற்றைக் காட்ட வேண்டுமாம். தீபாவளியை அங்கேயே கொண்டாடலாமாம். அடை மழை. எனக்கு மலையும் பிடிக்காது, குளிரும் பிடிக்காது. ஆனால் இந்த வயதில் இவரைத் தனியே விட மனமில்லை. போனேன்.

தீபாவளிக்கு முதல்நாள் காலையில் பஸ் எங்களை லெச்சுமியின் கடை வாசலில் இறக்கியது.

"வாங்கய்யா, வாங்கம்மா! நனையாம உள்ள வாங்க. மொதல்ல ஊத்த பாருங்க, அப்பறம் டீ."

கடைக்குப் பின்னால், மண் சுவரின் அடியில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மூங்கில் தப்பையைச் செருகி, கீழே வாளி வைத்திருந்தாள். மேலே மஞ்சள், குங்குமம், ஒரு செவ்வரத்தம்பூ. கற்பூரம் எரிந்த கறுப்பு அடையாளம் வேறு. லெச்சுமியின் இரண்டு பெண் பிள்ளைகளும் அங்கேதான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"முந்தியெல்லாம் ஓடைக்கு போயி தண்ணி தூக்கிட்டு வரணும்மா. இடுப்பே ஒடஞ்சிரும். அம்மன் கண்ண தொறந்து பாத்திட்டா. வீட்டு வாசல்லயே குடுத்திட்டா."

"தண்ணி ஏன் தேத்தண்ணி நிறத்திலை வருது?" என்று கேட்டேன்.

"மொதல்ல கண்ணாடி மாதிரிதான் வந்துச்சு. இந்த ரெண்டு மூணு நாளா தான்… மழைங்கல்ல."

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அம்மன் கொடுத்த தண்ணீரில் குற்றம் கண்டுபிடிக்கிறவள்!

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஜீப் வந்து நின்றது. ரோட்டு வேலை எஞ்சினியர். பாரூக் என்று கண்டிப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை. மழை நாட்களில் இந்த ரோட்டில் எங்கெங்கே மண் சரியும் என்று பார்த்துக்கொண்டு போகிறவராம். தேத்தண்ணிக்குத்தான் இறங்கினார். கை கழுவப் பின்னால் போனார். கை கழுவவில்லை. அப்படியே நின்றார்.

"இந்தத் தண்ணி எப்ப வரத் தொடங்கின?"

லெச்சுமி அம்மன் கதையைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. குங்குமத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மேலே பார்த்தார்.

"மேல என்ன ஈக்குது?"

"என்ரை குளம்!" என்றார் அண்ணன், பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி.

மேலே ஏறினோம். குளம் விளிம்பு வரை நிரம்பி, மழையில் தளதளத்துக்கொண்டிருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. ஆனால் எஞ்சினியர் குளத்தைப் பார்க்கவில்லை. குளத்துக்கும் வெட்டுச் சுவருக்கும் நடுவில் புல்லை விலக்கிப் பார்த்தார். நிலத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. தன் கையை உள்ளே விட்டார். முழங்கை வரை போயிற்று.

"அங்கிள், இந்தத் தண்ணிய உடனே எறக்கணும். கீழ ஈக்கிறவங்க எழும்பணும். இண்டைக்கே."

"தண்ணியை வீணாக்கச் சொல்லுறீரோ?"

"இது வீணாப் போகல்ல அங்கிள். மலைக்குள்ள போய்க்கிட்டு ஈக்குது. மழை விட்டாலும் ஒங்கட குளம் விடாது. வெளியால வழியிறதத்தான் ஊத்துண்டு பூ வெச்சீக்கிறாங்க. தண்ணி கலங்கி வருதில்லயா? மண்ணயும் சேத்துக்கொண்டு வருது."

"தம்பி, இந்தச் சுவர் எத்தனை வருஷமா நிக்குது! நேற்று வந்த தண்ணிக்கு விழுமோ? பொலிசே பார்த்திட்டுப் போட்டுது!"

அந்தப் பிள்ளை ஏதோ சொன்னார்: காய்ந்த மண், ஈரமான மண், மண் துணிக்கைகளின் பிடிமானம், தண்ணீர் நிறைந்தால் அது துணிக்கைகளைத் தள்ளிப் பிரிக்கிறது, பாரமும் கூடுகிறது… அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"அண்ணை, புட்டுக்கு மா குழைக்கிறதை எப்பவாவது பார்த்திருக்கிறியளோ?"

"சாப்பிட்டிருக்கிறன்."

"அதுதான் தெரியுமே! வெறும் மா நிக்காது. அளவாத் தண்ணி தெளிச்சுக் குழைச்சால் ஒண்டை ஒண்டு பிடிச்சுக்கொண்டு குழலுக்குள்ளை நிமிர்ந்து நிக்கும். தண்ணி கூடினால்?"

"களி."

"அந்தக் களியிலைதான் லெச்சுமியின்ரை கடை சாய்ஞ்சுகொண்டு நிக்குது."

அண்ணன் விளிம்புக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். தகரக் கூரைக்குப் பின்னால் அந்த இரண்டு பிள்ளைகளும் கோப்பை கழுவுவது தெரிந்தது. பெரியவள் சின்னவள் மேல் தண்ணீர் தெளித்து விளையாடினாள்.

திரும்பி வந்தார். மண்வெட்டியை எடுத்தார். "வரம்பை வெட்டி விடுவம்."

"வெட்டாதீங்க!" என்று எஞ்சினியர் கத்திவிட்டார். வரம்பை வெட்டினால் அத்தனை தண்ணீரும் நேரே வெடிப்புக்குள் போகும், பிறகு கேட்கத் தேவையில்லை. பக்கத்துச் சரிவில் ஒரு பாறை ஓடை இருக்கிறது, அது மதகுக்குள்ளால் ரோட்டைக் கடந்து போகிறது. தண்ணீரை அங்கே அனுப்ப வேண்டும். ஜீப்பிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் ரப்பர் பைப்புகள் வந்தன. பைப்பில் தண்ணீரை நிரப்பி, ஒரு நுனி குளத்தில், மறு நுனி கீழே ஓடையில். தானாக இழுக்கத் தொடங்கியது.

குளத்துப் பக்க நுனிகள் மிதந்து மேலே வந்துகொண்டே இருந்தன. யாராவது அழுத்திப் பிடிக்க வேண்டும். அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார். இடுப்பளவு தண்ணீர். குளிர். மழை. அந்த சார்ஜன்ட் விட்ட மீன்கள் அவருடைய காலைச் சுற்றி ஓடின. தான் பிடித்து வைத்த தண்ணீரைத் தானே பிடித்து அனுப்பிக்கொண்டு நின்றார். பகல் முழுவதும். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. "விடுங்க, நாங்க புடிக்கிறோம்" என்று ஜீப்பில் வந்த எஞ்சினியரின் ஆட்கள் சொன்னார்கள். விடவில்லை.

பின்னேரமாகிறபோது குளம் முழங்காலளவுக்கு இறங்கியிருந்தது. அதற்குக் கீழே பைப் இழுக்கவில்லை. எஞ்சினியர் ரோட்டில் வளைவுக்கு இரண்டு பக்கமும் பீப்பாய்களை வைத்து, வாகனங்களை நிறுத்தினார். கொஞ்சம் தள்ளி, உறுதியான இடத்தில் தோட்டத்துப் பள்ளிக்கூடம் இருந்தது. எங்களை அங்கே போகச் சொன்னார்.

எல்லோரும் போகத் தயார். லெச்சுமி மட்டும் அசையவில்லை.

"தீபாவளி யாவாரம்ங்க! கொழும்பில இருந்து வர்ற ஆளுங்கெல்லாம் இங்கதான் எறங்கி டீ குடிப்பாங்க. காலயில அவரும் வர்றாரு. வந்து கட பூட்டியிருந்தா என்னங்க நெனப்பாரு? அதோட அம்மன் ஊத்து குடுத்த எடம்… அம்மனே நம்மள அமுக்கிருவாளா?"

எஞ்சினியர் கெஞ்சினார். நான் கத்தினேன். மழைச் சத்தத்தை மீறி நான் கத்தினதில் எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

அப்போது அண்ணன் ரோட்டைக் கடந்து போனார். நனைந்த சாரத்தோடு கடைக்குள் நுழைந்தார். முன்னால் கிடந்த வாங்குப் பலகையில் இருக்கவில்லை. கடைசியில், அந்த மண் சுவரோடு ஒட்டிக் கிடந்த வாங்கில் போய் இருந்தார்.

"அய்யா, அங்க எதுக்கு? ஈரம் அடிக்கும். இப்புடி வாங்க."

"இல்லை. நானும் இஞ்சைதான்."

"என்னங்கய்யா இது? எந்திரிங்க!"

"நீ எழும்பு. நான் எழும்புறன்."

"வெளயாடாதீங்கய்யா."

"கட்டினது நான். நீ இருக்கிறதெண்டால் நானும் இருக்கத்தான் வேணும். தேத்தண்ணி ஒண்டு போடு."

போட்டாள். குடித்தார். இருந்தார். நான் ரோட்டில் நின்றபடி எனக்குத் தெரிந்த அத்தனை வசவையும் அவர் மேல் கொட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரிலிருந்து ஒரு பிடி மண் பொத்தென்று அவருடைய தோளில் விழுந்தது. தட்டிவிடவுமில்லை.

இவர் நடிக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் எழும்பாவிட்டால் இவர் இருப்பார்.

அவளுக்கும் அதே நேரம்தான் உறைத்திருக்க வேண்டும். அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். அம்மன் படத்தைக் கழற்றினாள், கேத்தலைத் தூக்கினாள், பிள்ளைகளை முன்னால் தள்ளினாள். "இந்த மனுசன் செத்தா அந்தப் பாவத்த யாரு சொமக்கிறது?" என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தாள். அண்ணன் கோப்பையை வைத்துவிட்டுப் பின்னால் வந்தார்.

மறுநாள் காலை, வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, மலை இறங்கியது.

பெரிய சத்தம் என்று நினைப்பீர்கள். இல்லை. ஒரு மூட்டை அரிசியை ஒரே மூச்சில் கொட்டினால் கேட்குமே… அப்படித்தான். ஒரு மரம் நின்றபடியே நடந்து வந்து ரோட்டில் நின்றது. அது நின்ற பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. கடை இருந்த இடத்தில் கடை இல்லை. குளம் இல்லை. அண்ணனின் அறை பாதி இல்லை. ரோட்டில் ஆளுயரச் சேறு. குளம் நிரம்பி இருந்திருந்தால் ரோட்டையும் தாண்டிக் கீழே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயங்கள் மேல் போயிருக்கும் என்றார் எஞ்சினியர்.

எங்கள் நாட்டில் மண்ணைக் கிளறிப் பார்க்காத ஆளில்லை. யார் எதைப் புதைத்தான், யார் எங்கே பங்கர் வெட்டினான் என்று குத்திக் குத்திப் பார்க்கிறோம். மண்ணையே யாராவது பார்த்தோமா? மழைக்கு அடையாள அட்டையும் இல்லை, அதை இறக்கிச் சோதிக்கச் சாவடியும் இல்லை. போத்தலில் வந்த தண்ணீரை நிறுத்திக் குடிக்க வைத்தார்கள். மலைக்குள் போன தண்ணீரைப் பொலிஸும் பார்த்துவிட்டு மீன் விட்டது… சரி, என் சொந்த அண்ணனே பார்க்கவில்லை, மற்றவர்களை ஏன் பேசுகிறேன்?

சேற்றுக்கு அந்தப் பக்கம் கொழும்பு பஸ்கள் வந்து வரிசையாக நின்றன. கொட்டாஞ்சேனைக் கடைகளில் வேலை செய்கிற பையன்களும் பெரியவர்களும் பெட்டி, பை, புது உடுப்புப் பார்சல்களோடு இறங்கி, சேற்றின் ஓரத்தைச் சுற்றி நடந்து வந்தார்கள். அவர்களில் முனியாண்டியும் ஒருவர்.

வளைவில் திரும்பினார். கடையைத் தேடினார். சேற்றிலிருந்து நீலப் பெயின்ட் அடித்த தகரம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கூரைக்குத் தானே அடித்த பெயின்ட்.

கத்தவில்லை. கையிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தார். மண்டியிட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தோண்டத் தொடங்கினார்.

நான் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். குரல் கொடுக்கப் பார்த்தேன், முதல்நாள் கட்டின தொண்டை, காற்றுத்தான் வந்தது. அண்ணன் ஓடினார். நான் அவர் ஓடி இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

"முனியாண்டி! எல்லாரும் இருக்கினம்! இஞ்சை பார், எல்லாரும் இருக்கினம்!"

அந்த மனிதரின் காதில் ஏறவில்லை. தோண்டினார். மண்ணில் கல்லும் தகரமும். கையெல்லாம் ரத்தம். பிறகு பின்னாலிருந்து சின்னவளின் "அப்பா!" என்ற குரல். அதுதான் ஏறியது. அப்படியே சேற்றில் உட்கார்ந்து, இரண்டு பிள்ளைகளையும் இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

லெச்சுமி அவருடைய கைகளைப் பார்த்தாள். நிமிர்ந்தாள். அண்ணனைப் பார்த்தாள். தொடங்கினாள்.

"ஏன்யா… தண்ணி வேணும்னா ஒரு தொட்டி கட்ட வேண்டியதுதானே! மல தலையில கொண்டாந்து யாராச்சும் கொளத்த வெப்பாங்களா? ஒங்க ஊர்ல மல இல்லன்னா, எங்க மலையில வந்தா பழகுவீங்க? படிச்ச மனுசன்னு நானும் வாயப் பொளந்துகிட்டு பாத்துகிட்டு இருந்தேனே! என் புள்ளைங்க போயிருந்தா? இந்தா, இந்த மனுசன் கையப் பாருங்க! பாருங்கங்கிறேன்!"

பஸ்ஸிலிருந்து வந்தவர்கள் எல்லாம் வட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். எஞ்சினியர் பிள்ளை இடையில் புகப் பார்த்தார். நான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அண்ணன் தலை குனிந்தபடி நின்றார். முழுவதையும் கேட்டார். என்னுடைய எந்த ஏச்சுக்கும் கிடைக்காத மரியாதை அது.

அவளுக்கு மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு அதே கோபத்தில், அதே குரலில் சொன்னாள்:

"நேத்துல இருந்து அந்த ஈரச் சாரத்தோட நிக்கிறீங்க. காச்ச வந்தா யாரு பாக்கிறது? உள்ள வாங்க, தலையத் தொவட்டுங்க."

போனார். பள்ளிக்கூடத்து வாங்கில் உட்கார்ந்து, அவள் கொடுத்த துண்டால் சின்னப் பிள்ளை மாதிரித் தலையைத் துவட்டினார். தீபாவளிப் பலகாரத்தை எல்லோருமாக அங்கேதான் சாப்பிட்டோம்.

அண்ணன் இன்னும் கொழும்புக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் நல்ல நிலத்தில் லெச்சுமிக்குக் கடை போடுகிறார்கள். அண்ணனின் அறையில் மிஞ்சின தகரமும் மரமும் அதற்குப் போயின. காணியில் மிஞ்சின பகுதியில், எஞ்சினியர் கோடு போட்டுக் காட்டின வழியில், மழைத் தண்ணீர் நிற்காமல் ஓடிப்போகக் கான் வெட்டுகிறாராம்.

நேற்று டெலிபோன் எடுத்தார்.

"நான் வெட்டின கான் கோணலாம். காலமையிலிருந்து ஏசிக்கொண்டு நிக்கிறாள். வந்து வாயை மூடச் சொல்லு."

குரலில் அப்படியொரு சந்தோஷம்.

நான் போகப்போவதில்லை. இத்தனை காலமும் அவரை ஏசுவதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன்… இனிப் பாதி வேலை லெச்சுமியுடையது.